ஜாம் இசைக்குழுக்களின் இசை ஸ்டூடியோப் பதிவைவிட மேடையில் நம்மை அதிகம் ஈர்ப்பது ஏன்?

முன்கூட்டித் திட்டமிடாமல் மேடையிலேயே பாட்டைக் கற்பனையாக விரித்து வாசிப்பவையே ஜாம் இசைக்குழுக்கள். அவற்றில் ஒன்றான அமெரிக்க ராக் குழு கிரேட்ஃபுல் டெட்டைச் சேர்ந்தவர்கள் 'டார்க் ஸ்டார்' பாடலை 1968-இல் ஸ்டூடியோவில் பதிந்து வெளியிட்டபோது அது மூன்று நிமிடங்களைக்கூட எட்டவில்லை. 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அதையே அவர்கள் 23 நிமிடங்களுக்கு மேல் வாசித்தார்கள். 'லைவ்/டெட்' இசைத்தட்டில் அதைக் கேட்கலாம். ஆனால் ஈர்ப்புக்குக் காரணம் நீளம் அன்று. ஜெர்ரி கார்சியாவின் கிதார் புதிதாக ஒரு திசையில் நகரும்போது, ஃபில் லெஷின் பேஸ் கிதார் தாளத்துக்குக் காவலாக நில்லாமல் அந்தக் கிதாரோடு வாதாடுகிறது. அடுத்து எங்கே போகப் போகிறோம் என்பது வாசிப்பவர்களுக்கே தெரியாத அந்த நிலையில் நாமும் உடனிருக்கிறோம்.

ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிகிறார்கள். நேற்றே பதிவாகிவிட்ட டிரம்ஸ், இன்று வாசிக்கப்படும் கிதாருக்கு எப்படி மறுமொழி சொல்லும்? பிசகினால் அழித்துவிட்டு மீண்டும் வாசிக்கலாம் என்ற வசதி வந்தவுடன், பிசகிவிடக்கூடிய இடத்துக்குத் துணிந்து போகும் தேவையும் போய்விடுகிறது.

நான் வசிக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. அருள் வந்தவரின் கால்களைப் பார்த்தபடியே அடிப்பவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டி யாரும் முடிவு செய்வதில்லை. அதே குழுவினரின் பதிவை வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்டால் அடியெல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் யாருக்காக அடிக்கிறார்கள் என்பது மட்டும் இராது. (அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்களா என்பது வேறு கதை.) தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்த நாதஸ்வர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் அந்நாளைய இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குரிய மூன்று, நான்கு நிமிடங்களுக்குள் அடங்கித்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

இதனால் ஸ்டூடியோ தாழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். அதே குழுவின் 1970-ஆம் ஆண்டு 'அமெரிக்கன் பியூட்டி' ஸ்டூடியோப் பதிவுதான். பாட்டின் கட்டமைப்பையும் குரல்களின் இணைவையும் நம்பி நிற்பதால் அது இன்றும் இனிக்கிறது. மறுபுறம், மேடையில் வாசித்ததெல்லாம் பொன்னும் அன்று: திசை பிடிபடாமல் கால் மணி நேரம் அலைந்துவிட்டு ஓய்ந்த இரவுகள் அவர்களுடைய பதிவுகளிலேயே ஏராளமாக உண்டு. எனக்கோ, அந்த அலைச்சலையும் கேட்டவனுக்குத்தான் வழி திறக்கும் கணம் முழுதாகச் சுவைக்கும் என்று படுகிறது.

கார்சியா 1995-இல் மறைந்துவிட்டார். அவர்களை நேரில் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆயினும் ரசிகர்கள் கச்சேரியைப் பதிந்துகொள்வதை அவர்கள் தடுக்கவில்லை. 1984 முதல் அதற்கென்றே அரங்கில் தனி இடமும் ஒதுக்கினார்கள். நீங்கள் தொடங்குவதாயின் 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியைக் கேளுங்கள், அதுவும் பாட்டுகளுக்கு இடையில் நிறுத்தாமல்.