ஆறுமணிக்குருவிக்குப் பெட்டி எதற்கு?

அன்புள்ள ஐயா,
திண்டுக்கல் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஐப்பசியிலிருந்து ஆறுமணிக்குருவி (ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா) கூப்பிடுகிறது. மரத்தில் கூட்டுப்பெட்டி கட்டித் தினை வைத்திருக்கிறேன். மாலையில் செல்போனில் அதன் குரலையும் போடுகிறேன். முட்டையிட வேறென்ன செய்யவேண்டும்? தோப்பின் படம் இணைத்திருக்கிறேன்.
- க.

அன்புள்ள க.,

முதலில் அந்த செல்போனை நிறுத்துங்கள். அந்தக் குரலை இன்னொரு குருவி என்று நம்பவைத்து, தின்று உடம்பு தேற்றவேண்டிய பறவையை இல்லாத எதிரியைத் தேடி அலையவிடுகிறீர்கள்.

அது உங்கள் தோப்பில் முட்டையிடாது. இங்கே அது பனிக்கால விருந்தாளி, சித்திரை வாக்கில் கிளம்பிவிடும். குடும்பம் நடத்துவதெல்லாம் இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரை. அதுவும் தென்மேற்குப் பருவமழை இறங்கி மண் நெகிழ்ந்து புழு கிடைக்கிற ஜூன் முதல் ஆகஸ்டு வரையில்தான். பெட்டி, பொந்து எதுவும் அதற்கு ஆகாது. காய்ந்த இலையும் புல்லும் சேர்த்து, பக்கவாட்டில் வட்ட வாசல் விட்ட உருண்டைக் கூடு. தரையிலோ தாழ்ந்த கிளையிலோ இருக்கும். 4 முதல் 6 முட்டைகள். பளபளவென்ற வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி, ஏறக்குறைய கோலிக்குண்டு உருண்டை.

சரி, கூடு கட்டவும் சருகு, இரை தேடவும் சருகு. உங்கள் படத்தில் மரத்தடி முழுக்க சிமெண்ட் தரை மாதிரிப் பெருக்கியிருக்கிறது, ஓரத்தில் குவியல் புகைகிறது! கொஞ்ச நாளாக எங்கே போனாலும் இதைத்தான் பார்த்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன். இலை விழுந்தால் அசிங்கம் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? என் ஆச்சி பெருக்குவது வாசலோடு சரி, கிணற்றடிக்குப் பின்னால் விளக்குமாறு போகாது. கணுக்கால் புதைய மாவிலை கிடக்கும், பாம்பு இருக்கு போகாதே என்பாள், போவோம். அங்கேதான் இந்தக் குருவியை முதலில் பார்த்தேன். அலகால் ஓர் இலையைப் பிடித்துப் பக்கவாட்டில் வீசும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், இரண்டு தத்து, அடுத்த இலை. இருக்கிறதா இல்லையா என்கிற அந்தக் குட்டை வாலை வேறு விடாமல் ஆட்டும். இமயத்தடியிலிருந்து இரவிரவாகப் பறந்து, களைத்துப்போய் சில சமயம் வீடுகளுக்குள்ளேயே வந்து விழுகிற ஐம்பது அறுபது கிராம் உயிர் ஐயா அது, அதற்கு நீங்கள் துடைத்துவைத்த தரையைக் காட்டுகிறீர்கள்.

தினையை அது தொடாது, தானியம் தின்கிற சில்லைகளுக்குப் போடுங்கள். பெட்டியைக் கழற்றவேண்டாம், பொந்தில் கூடு கட்டுகிற குண்டுகரிச்சான் வந்தாலும் வரும். ஆள்வைத்துப் பெருக்குவதை மட்டும் நாளையிலிருந்து விடுங்கள். கூலியும் மிச்சம்.