பறவைக் கேள்வி பதில்: கடல்பாறையில் கூடு வைக்கும் வல்லூறுகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வல்லூறு பற்றித்தான். கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போன நம் மாவட்டத்துக்காரர்கள் அங்கே பார்த்ததை வீட்டுக்கு போனில் சொல்ல, வீட்டிலிருப்பவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். போன செப்டம்பரில் கிரேக்க நாட்டுப் பக்கம் ஒரு பாறைத் தீவுக்கு அருகே நங்கூரம் போட்டிருந்தபோது, பருந்து மாதிரி ஏகப்பட்ட பறவைகள் கடலுக்கு மேலே காற்றை எதிர்த்து அப்படியே நின்றதாம், பட்டம் விட்ட மாதிரி. சிலது முழுக் கறுப்பு, சிலதுக்கு வெளிர் கன்னம். வீடியோவில் புள்ளியாகத்தான் தெரிகிறது. என்ன பறவை அது? – குளச்சல் வாசகர்

உங்கள் அண்ணன் கொடுத்து வைத்தவர். அது எலியனோரா வல்லூறு. இடம், மாதம், கூட்டமாக இருந்தது, கறுப்பும் வெளிறலுமாக இரண்டு நிறம், இந்த நான்கும் சேர்ந்தால் வேறு பறவையாக இருக்க வழியில்லை. இறக்கை நீளமாக, ஒல்லியாக இருக்கும், வாலும் நீளம். இறக்கை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். நிறம் இரண்டாக இருப்பது ஆண் பெண் வித்தியாசம் இல்லை, ஒரே இனத்துக்குள் இரண்டு சாயல். வெளிர் சாயல்தான் அதிகம், கறுப்பு அதைவிடக் குறைவு.

வல்லூறுகள் பொதுவாகத் தனிக்குடித்தனம் செய்பவை. பக்கத்து மலையில் இன்னொரு ஜோடி வந்தாலே விரட்டும். இதுவோ கடலோரச் செங்குத்துப் பாறையிலும் ஆளில்லாத சின்னத் தீவுகளிலும் கூட்டமாகக் கூடு வைக்கிறது, சில இடங்களில் கூட்டுக்கும் கூட்டுக்கும் சில மீட்டர்தான் இடைவெளி. உலகில் இருக்கும் மொத்த ஜோடிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் கிரேக்கத் தீவுகளில்தான் இருக்கின்றன, அங்கே 2000-களின் நடுவில் எடுத்த கணக்கில் சுமார் 12,000 ஜோடி வந்தது. மிச்சம் இத்தாலியின் சார்டீனியா தீவு, ஸ்பெயின், சைப்ரஸ், மொரோக்கோவின் மொகடோர் தீவு, கேனரித் தீவுகள் என்று சிதறிக் கிடக்கிறது.

அவை காற்றில் நின்றது வேட்டைக்குத்தான். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஐரோப்பாவின் சின்னப் பறவைகள் குளிருக்கு முன்னால் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். கதிர்க்குருவி, கீச்சான், ஈப்பிடிப்பான், சில சமயம் கொண்டலாத்தி கூட. நடுவில் மத்தியதரைக் கடலைத் தாண்டியாக வேண்டும், கடலில் ஒளிய மரமோ புதரோ கிடையாது. ஆண் வல்லூறுகள் விடியும்போதே கிளம்பி, தீவைத் தாண்டிக் கடலுக்கு மேலே, சில சமயம் ஆயிரம் மீட்டர் உயரம் வரைக்கும், காற்றைப் பார்த்தபடி பரவி நிற்கும். வருகிற குருவி ஒன்றிடம் தப்பினால் அடுத்ததிடம் மாட்டும். கிரேக்கத்தை ஒட்டிய ஏஜியன் கடலில் கோடை முழுக்க மெல்டெமி என்று ஒரு வடகாற்று அடிக்கும், நம் வாடை திசைதான். குருவிகள் வருவதும் அந்த வடக்கிலிருந்து, வல்லூறு சிறகடிக்காமல் நிற்பதும் அந்தக் காற்றின் பலத்தில். நம் கடற்கரையில் வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று முகத்தில் பட்டதும் சொல்கிறவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

எல்லாப் பறவையும் வசந்தத்தில் முட்டை இடும்போது இது மட்டும் ஏன் ஆகஸ்டில்? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

அருமையான கேள்வி. ஏப்ரல் கடைசி, மே மாதத்திலேயே தீவுப் பக்கம் வந்துவிடும். வந்தும் இரண்டு மூன்று மாதம் முட்டை இடாது. அதுவரை தட்டான், வண்டு, ஈசல் என்று பூச்சிதான் சாப்பாடு. பறந்துகொண்டே காலில் பிடித்து, பறந்துகொண்டே பிய்த்துத் தின்னும். ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு அல்லது மூன்று முட்டை. ஏறக்குறைய ஒரு மாதம் அடை. ஆகஸ்ட் இறுதியில், செப்டம்பர் தொடக்கத்தில் குஞ்சு வெளியே வரும்போது மேலே வலசைக் குருவிகளின் வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும். பூச்சியை நம்பி மூன்று குஞ்சு வளர்க்க முடியாது. இன்னொருவருடைய பயணத்தை நம்பித் தன் குடும்பத்தை நடத்துகிற பறவை இது, அதனால் தன் நாட்காட்டியை அந்தப் பயணத்துக்குத் தகுந்தபடி தள்ளிவைத்துக்கொண்டது. எனக்கு இந்தப் பறவையின் மேல் இருக்கும் பிரியமெல்லாம் இந்த ஒரு விஷயத்தால்தான்.

அக்டோபரில் குஞ்சுகளும் பறக்கத் தொடங்கி, அந்த மாதக் கடைசியில், நவம்பர் தொடக்கத்தில் தீவே காலியாகும். போகிற இடம் மடகாஸ்கர். செங்கடல் வழியாக, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டித்தான் போகும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். 2000-களில் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பார்த்தபோதுதான், சஹாராவைக் குறுக்கே தாண்டி ஆப்பிரிக்காவின் உள்நாட்டு வழியே போவது தெரிந்தது. ஒருவழிக்கே 8,000, 9,000 கிலோமீட்டர். அங்கே அப்போது மழைக்காலம், மறுபடியும் பூச்சிச் சாப்பாடு.

பிடித்த குருவியைக் கொல்லாமல் பாறை இடுக்கில் அடைத்து வைக்குமாமே, நிஜமா? – மார்த்தாண்டம் வாசகர்

மொகடோர் தீவில் வேலை செய்த மொரோக்கோ ஆய்வாளர்கள் 2015-ல் இப்படி எழுதினார்கள்: இறகு பிடுங்கப்பட்ட, பறக்க முடியாத குருவிகள் உயிரோடு பாறைப் பிளவுகளில் கிடந்தன, குஞ்சுக்குத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள வல்லூறு வைத்திருக்கலாம் என்று. தப்பித்து இடுக்கில் நுழைந்த குருவிகளாகவும் இருக்கலாமே என்று மறுத்தவர்களும் உண்டு. என் கருத்து, ஒரு தீவில் கண்டதை வைத்து இனத்துக்கே பழக்கம் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் கொன்ற இரையைப் பதுக்கி வைப்பதில் சந்தேகமே இல்லை. வலசை குவிகிற நாளில் தின்ன முடியாத அளவுக்குக் கிடைக்கும், மறுநாள் காற்று சரியில்லை என்றால் ஒன்றுமே கிடைக்காது. கூட்டைச் சுற்றிப் பாறை இடுக்குகளில் இறகு உரித்த குருவிகளைச் செருகி வைத்திருக்கும். கொடுமை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று குஞ்சு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது அது வேறு என்ன செய்யும், சொல்லுங்கள்.

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து இந்த இதழை வரவழைத்துப் படிக்கிறேன். இங்கே கடலில் தெரியும் தீவுகளிலும் வல்லூறு கூட்டமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். இதே பறவையா? – தேங்காய்ப்பட்டணத்துக்காரர்

இல்லை, ஆனால் சொந்தக்காரன். அது கரும்புகை நிற வல்லூறு, உடம்பு முழுக்க சாம்பல், கண்ணைச் சுற்றியும் காலிலும் மஞ்சள். மஸ்கட் பக்கத்து ஃபஹல் தீவு, கொஞ்சம் தள்ளி தைமானியத் தீவுகள் இரண்டிலும் கூடு வைக்கிறது. பஹ்ரைனின் ஹவார் தீவுகளிலும், செங்கடல் தீவுகளிலும் உண்டு. வழக்கம் எல்லாம் எலியனோராவின் வழக்கம்தான்: கோடை வெயில் கொளுத்தும்போது முட்டை, வலசைக் குருவிகள் வரும்போது குஞ்சு, முடிந்ததும் மடகாஸ்கர். எண்ணிக்கை மட்டும் கவலை தரும்படி இருக்கிறது, அழியும் ஆபத்துள்ள பறவைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். லீவு நாளில் படகில் தைமானியத் தீவுப் பக்கம் போனால் படகிலிருந்தே பாருங்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், கரையில் இறங்க அனுமதி வேண்டும்.

இப்படி ஒரு கூட்டத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? என்ன கருவி வேண்டும்? தீவில் ஏறிப் பார்க்கலாமா? – இளைஞர், கொட்டாரம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஏறவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது தம்பி. ஒரு பாறைக்கு அடியில், ஒரு செடி நிழலில், வெறும் மண்ணில் ஒரு குழி, அதில் செம்பழுப்புப் புள்ளி போட்ட முட்டை. ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பாறை காலை வைக்க முடியாமல் கொதிக்கும். தாய் உட்கார்ந்திருப்பது சூடு கொடுக்க மட்டுமில்லை, நிழல் கொடுக்கவும்தான். நீங்கள் ஏறினால் அது எழுந்து கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றும், நீங்கள் போட்டோ எடுத்து முடிக்கும் நேரத்துக்குள் முட்டை வெந்துபோகலாம். பக்கத்தில் கடற்காகம் காத்துக்கொண்டிருந்தால் அது தூக்கிக்கொண்டு போய்விடும். பறவையின் காலில் அடையாள வளையம் போடும் ஆய்வாளர்கள்கூட அனுமதி வாங்கி, வெயில் தாழ்ந்த நேரத்தில் போய், சீக்கிரம் இறங்கிவிடுவார்கள். இன்னொன்று, படகோடு எலியும் தீவில் இறங்கும். எலி ஏறிய தீவில் முட்டையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது. கிரேக்கத்தில் இந்த வல்லூறுக்காகவே பல தீவுகளில் எலிகளை ஒழிக்க வேண்டி வந்தது.

அப்புறம் எப்படிப் பார்ப்பது? எதிர்க்கரையில் ஒரு மேடான இடம், அல்லது தீவை விட்டு விலகி மெதுவாகச் சுற்றும் படகு. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். கரையிலிருந்து என்றால் ட்ரைபாடில் வைக்கும் தொலைநோக்கி இருந்தால் நல்லது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். வானத்தில் பறப்பதை எண்ணி இத்தனை என்று எழுதிவிடாதீர்கள், பெண் பறவைகள் கூட்டில் இருக்கும், ஆண்கள் கடலில் இருக்கும், கணக்கு பாதிகூட வராது. கூடு இருக்கும் பொந்துகளைப் பாறைப் பாறையாகக் குறித்துக்கொண்டு, எதில் பறவை போய் வருகிறது என்று பார்த்து எண்ண வேண்டும். பாறையில் வெள்ளைக் கோடாக எச்சம் வழிந்திருந்தால் அது உட்காரும் இடம்.

ஒரே ஒரு கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு காலை முழுக்கப் பாருங்கள் என்பேன். ஆண் கடலிலிருந்து தாழ்வாக வரும், காலில் ஏதோ தொங்கும், வரும்போதே கெக் கெக் என்று குரல் கொடுக்கும். பெண் கூட்டை விட்டுப் பாய்ந்து போய்க் காற்றிலேயே இரையை வாங்கும், சில சமயம் ஆண் பாறையில் வைத்து இறகை உரித்த பிறகு கொடுக்கும். உரித்த இறகுகள் காற்றில் பறந்து கல் இடுக்குகளில் போய் ஒட்டிக்கிடக்கும். எந்தக் குருவி என்று அந்த இறகை வைத்தே கண்டுபிடிக்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

பழகிக்கொள்ள வெளிநாடு போக வேண்டாம். முட்டம் கலங்கரை விளக்கத்துப் பாறைமேல் காற்றடிக்கும் நாளில் உட்கார்ந்து, செம்பருந்து எந்தப் பாறை முனையில் காற்று மேலே எழும்புகிறதோ அங்கேயே வந்து வந்து ஏறுவதைக் கவனியுங்கள். காற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விவேகானந்தர் பாறை மாதிரி நம் கடலிலும் பாறைகள் இருக்கின்றனவே, இங்கே ஏன் கூடு வைப்பதில்லை? – ஆசிரியை, சுசீந்திரம்

பாறை இருந்தால் மட்டும் போதாது டீச்சர். நம் கரையோரப் பாறைகள் சின்னவை, ஜூன், ஜூலை கச்சான் கடலில் அலை ஏறி அடிக்கும் இடங்கள். அதைவிடப் பெரிய காரணம் தீனி. நமக்கு வரும் வலசைக் குருவிகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தரை மேலேயே, மரத்துக்கு மரம் இறங்கிச் சாப்பிட்டு இளைப்பாறி வருகின்றன. களைத்துப்போய்த் திறந்த கடலில் அகப்படும் கூட்டம் இங்கே இல்லை. அந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் ஆகஸ்டில் முட்டை இட்டு என்ன பலன்?

பறவைக்கு ஏன் அந்தப் பெயர் என்ற உங்கள் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எலியனோரா என்பது 14-ம் நூற்றாண்டில் சார்டீனியாவின் அர்போரியாவை ஆண்ட பெண். அவர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் வல்லூறுகளைக் கூட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்றும் இருந்தது. அந்த நன்றிக்குத்தான் 1839-ல் பறவைக்கு அவர் பெயர்.

நம் மாவட்டத்தில் வலசை வரும் வல்லூறே இல்லையா? – மணக்குடி வாசகர்

ஏன் இல்லை? பொரி வல்லூறு குளிர்காலத்தில் வரும், உள்ளான்களும் புறாக்களும் இருக்கும் இடங்களில், உப்பளப் பக்கம், உயரமான கோபுரங்களில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் முக்கியமாகத் தேட வேண்டியது அமூர் வல்லூறு. கிழக்கு சைபீரியா, வட சீனத்தில் கூடு வைத்துவிட்டு, அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பக்கம் லட்சக்கணக்கில் கூடும். 2012-ல் அங்கே வலை போட்டுக் கொத்துக் கொத்தாகப் பிடித்தது பெரிய செய்தியானது. மறு வருடமே அந்த ஊர்க்காரர்கள் வலையை எடுத்துவிட்டுக் காவலுக்கு நின்றார்கள். நாகா, வோகா, பாங்தி என்று பெயர் வைத்துக் கருவி கட்டிய மூன்று பறவைகள் 2013 நவம்பரில் கிளம்பி, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை நிற்காமல் தாண்டி ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தன. தென்னிந்தியாவில் சில வழி தவறியும், இளைப்பாறவும் இறங்குகின்றன.

வடகிழக்குப் பருவமழை விட்ட இடைவெளியில், தட்டான் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் நாளில், தேரூர் குளத்தைச் சுற்றிய வயல்களில், ஆரல்வாய்மொழிப் பக்கத்து வெட்டவெளியில் மின்கம்பிகளைப் பாருங்கள். புறாவைவிடச் சின்னது. ஆண் பறவை சிலேட்டுச் சாம்பல், கால் செக்கச் சிவப்பு, பறக்கும்போது இறக்கைக்கு அடியில் வெள்ளை பளிச்சென்று தெரியும். பார்த்தால் தேதி, இடம், எத்தனை, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, இது நான்கையும் எழுதி அனுப்புங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.