பட்டன் கீபோர்டு உள்ள ஸ்மார்ட்போன் வாங்கலாமா?

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன், பட்டன் கீபோர்டு உள்ள போன் எனக்குச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவும் தொகையும் ஆங்கிலத்தில் அனுப்புவதுதான் வேலை என்றால் தாராளமாக வாங்கலாம். சிமெண்ட் படிந்த கட்டைவிரல் சொன்னதைத் தொடுதிரை கேட்காது. பட்டன் அழுந்துவதோ விரலுக்கே தெரியும். எங்கள் அப்பச்சி திரையைப் பார்க்காமலே தட்டுவார்.

தமிழில் நிறைய எழுதுவீர்கள் என்றால் எனக்குத் தயக்கம்தான். பட்டனில் தமிழெழுத்து பொறித்திருக்காது. ஆங்கில ஒலிப்படி தட்ட வேண்டும். ‘வாளை’யா ‘வாழை’யா என்று ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்தே ஆகணும்.

பட்டன் கீபோர்டு உள்ள பழைய பிளாக்பெரி போன் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுத்துவிடாதீர்கள். பிளாக்பெரி 10 என்ற அவர்களுடைய சொந்த இயங்குதளம் வரையான போன்களுக்கு 2022 ஜனவரி 4-ல் சேவையை நிறுத்திவிட்டார்கள். 2018-ல் வந்த பிளாக்பெரி கீ2 ஆண்ட்ராய்டுதான், ஆனால் 8.1 என்ற பழைய பதிப்பு. யூபிஐ ஆப்பைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தபிறகு காசு கொடுங்கள்.