கல்வெட்டுப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால், பள்ளமாக வெட்டிய எழுத்து புடைத்துத் தெரிவது ஏன்?

வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்கிறது. அதுதான் காரணம்.

திருநெல்வேலிச் சீமையில் கல்வெட்டு இருக்கிற இடமாகத் தேடிப் போய்ப் படம் எடுப்பவன் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கழுகுமலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே, செய்வித்தவர் பெயரோடு வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டிய வரிகள் உண்டு. வெயில் மேலிருந்து விழும்போது, உளி இறங்கிய பள்ளத்தின் மேல் விளிம்பில் நிழல் இருக்கும், கீழ் விளிம்பில் வெளிச்சம் படும். புடைப்புக்கு இது நேர்மாறு. போனில் படத்தைத் திருப்பியதும் நிழல் கீழே போய்விடுகிறது. சூரியன் கீழே இருக்கிறது என்று மூளை நம்பாது. எழுத்துதான் புடைத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். அவர் காட்டிய படத்தில், மேல்பாதி வெளுத்த வட்டங்கள் முட்டைகளாகவும், கீழ்பாதி வெளுத்தவை குழிகளாகவும் தெரியும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. மூளைக்கு 'மேலே' என்பது வானம் இருக்கும் பக்கம் அல்ல, நம் உச்சந்தலை இருக்கும் பக்கம். படத்தைத் திருப்பாமல் சுவரில் ஒட்டிவிட்டு, சின்னப் பிள்ளைகள் போலக் குனிந்து கால்களுக்கு நடுவே பாருங்கள். முட்டையும் குழியும் இடம் மாறிவிடும்!

முகம் என்றால் மட்டும் கதை வேறு. பொம்மை அச்சின் உள்பக்கம் குழிவுதான் என்றாலும், சற்றுத் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் முகம் வெளியே புடைத்தே தெரியும். முகத்தைக் குழிவாகப் பார்த்துப் பழக்கமில்லாததால், அங்கே நிழல் சொல்லும் சாட்சி எடுபடுவதில்லை.

சரி, பாறைக்கு முன்னால் நேரில் நிற்கும்போது ஏன் இப்படி ஏமாறுவதில்லை? இரண்டு கண்ணிலும் விழும் காட்சிகளுக்குள் சிறு வித்தியாசம் இருக்கிறது, தலை அசைந்தாலும் ஆழம் பிடிபடுகிறது. படத்தில் இரண்டுமே கிடையாது, நிழல் ஒன்றுதான் துணை.

வெயில் பாறை மேல் நேராக அடிக்கும்போது போய், 'ஒண்ணுமே தெரியல' என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுத்து அங்கேதான் இருக்கிறது, நிழல்தான் இல்லை. பிளாஷ் போட்டாலும் நிழல் அழிந்துவிடும். சாய்வெயிலில் போங்கள். நிழலான இடமென்றால் ஒருவரை டார்ச்சை மேல் பக்கவாட்டில், சுவரை ஒட்டினாற்போலப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுங்கள். கீழிருந்து மட்டும் அடிக்க வேண்டாம், திருப்பாமலே எழுத்து புடைத்துத் தெரியும்.