பொலன்னறுவைக்கு ஒரு நாள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வருகிற ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும், எழுபது வயதைக் கடந்த என் தாயாரையும் அழைத்துக்கொண்டு பொலன்னறுவைக்குப் போய் அன்றே வீடு திரும்ப எண்ணியிருக்கிறோம். சொந்த வாகனம் இல்லை. பஸ்ஸில்தான் போக வேண்டும். எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று கூறுவீர்களா?
(வாசகி, மட்டக்களப்பு)

பதில்: மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம்தான் என்பதால், விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால் ஓட்டமாவடி, புணாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வழியாக வெயில் ஏறுமுன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். பஸ்ஸிலிருந்து கதுருவெலயில் இறங்குங்கள். பொலன்னறுவைப் புகையிரத நிலையமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் தலைநகராக இருந்த பழைய நகரம் அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர் மேற்கே உள்ளது. இடிபாடுகள் தெற்கு வடக்காகப் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடப்பதால், முழங்கால் வலியோடு நடக்கும் வயதில் உள்ள ஒருவரை வைத்துக்கொண்டு கால்நடையாகச் சுற்ற நினைக்க வேண்டாம். கதுருவெலயிலேயே ஒரு முச்சக்கரவண்டியை முழுநாளுக்கும் பேசி அமர்த்திக்கொள்ளுங்கள். எங்கெங்கே நிறுத்த வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் கூலியையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. இளைஞர்களுக்கு வாடகைச் சைக்கிளே போதும். நிலம் பெரும்பாலும் சமதரையாகவும் மரநிழல் உள்ளதாகவும் இருக்கும்.

முதலில் போக வேண்டிய இடம் பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளத்தின் கரையில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகம். பலர் இதைக் கடைசிக்கு ஒதுக்கி, களைத்துப்போன கால்களோடு உள்ளே நுழைந்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். இந்நகரத்தின் மரக்கூரைகளும் மேல்மாடிகளும் அழிந்துபோய்விட்டன. எஞ்சி நிற்பவை கற்றூண்களும் செங்கற்சுவர்களும்தாம். அக்கட்டடங்கள் கூரையோடு எப்படி நின்றிருக்கும் என்பதைக் காட்டும் மாதிரி உருவங்களை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டுச் சென்றால்தான், வெறும் தூண்வரிசைகளுக்கு நடுவே நிற்கும்போது பிள்ளைகளின் மனக்கண்ணில் ஒரு மண்டபம் எழும். இங்கு இருந்த பண்டைய மருத்துவமனையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கத்தரி, இடுக்கி முதலிய அறுவைச் சிகிச்சைக் கருவிகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்க்கப் பிள்ளைகள் கட்டாயம் விரும்புவார்கள்.

அடுத்தது அரண்மனை. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு கட்டிய இந்த மாளிகை ஏழு மாடிகள் கொண்டது என்று மரபு கூறுகிறது. இன்று எஞ்சியுள்ள செங்கற்சுவர்கள் ஏறக்குறைய 3 மீட்டர் தடிப்பு உள்ளவை. மேல்மாடியின் தளத்தைத் தாங்கிய மரவளைகள் செருகப்பட்டிருந்த துளைகளை அச்சுவர்களில் இன்றும் காணலாம். பக்கத்திலுள்ள அரசவை மண்டபத்தின் அடித்தளத்தில் வரிசையாகச் செல்லும் யானைகளைக் கவனியுங்கள்; ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. இங்கே அரைமணி நேரம் போதுமானது.

உங்கள் நாளின் பெரும்பகுதியை இரண்டு இடங்களுக்கு ஒதுக்குங்கள்: ஒன்று தலதா மளுவ, மற்றது கல் விகாரை. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த கோவில்கள் அமைந்த மேடையான தலதா மளுவவில் பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் தூபியைச் சூழ்ந்த வட்ட வடிவக் கட்டடமான வட்டதாகேயின் வாசலில் சற்றுக் குனிந்து, படிக்கட்டின் அடியில் அரைவட்டமாகச் செதுக்கப்பட்ட சந்திரவட்டக்கல்லைப் பாருங்கள். அன்னங்களும் யானைகளும் குதிரைகளும் தனித்தனி வரிசைகளாகச் சுற்றிவருகின்றன. அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் யானை, சிங்கம், குதிரை ஆகியவற்றோடு சேர்ந்து நடக்கும் காளை இங்கே இல்லை. சிவபெருமானின் வாகனத்தை மனிதர் மிதிக்கலாகாது என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். சோழராட்சி முடிந்து ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் இந்நகரத்தில் சைவத்தின் செல்வாக்கு எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதை ஒரு படிக்கல்லே உணர்த்துகிறது. அருகில் கிடக்கும் கல்பொத்த என்ற பெரும் கற்பலகை ஏறத்தாழ 9 மீட்டர் நீளமானது. 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் தன் புகழைப் பொறித்துவைத்த அக்கல், மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டதென்று அதன் சாசனமே சொல்கிறது.

நண்பகலில் ரன்கொத் விகாரை என்ற பெரிய தூபியின் பக்கம் ஏதாவது ஒரு மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்து, தாயாரை ஒரு மணி நேரமாவது இளைப்பாற விடுங்கள். ஆகஸ்டில் கச்சான் காற்று அனலாக வீசும். அந்த வேளையில் கற்றளங்களில் வெறுங்காலோடு நிற்பது கொடுமை. வெயில் தணிந்ததும் லங்காதிலக சிலைமனையின் உயர்ந்த சுவர்களுக்கிடையே தலையிழந்து நிற்கும் பெரிய புத்தர் உருவத்தையும், வெண்சுதை பூசிய கிரி விகாரைத் தூபியையும் வழியிலே பார்த்துக்கொண்டு கல் விகாரைக்குச் செல்லலாம்.

கல் விகாரையில் அவசரப்பட வேண்டாம். ஒரே கருங்கற்பாறையின் முகத்தைக் குடைந்து நான்கு புத்தர் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்: அமர்ந்த பெரிய உருவம், குடைவறைக்குள் அமர்ந்த சிறிய உருவம், சுமார் 7 மீட்டர் உயரமாக நிற்கும் உருவம், சுமார் 14 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் உருவம். சயனக் கோலத்தின் தலைப்பக்கம் போய், தலை அழுந்துவதால் தலையணையில் விழுந்த குழிவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கருங்கல்லைப் பஞ்சாகத் தோன்றச் செய்த கை அது. பிறகு காற்பக்கம் வாருங்கள்: இரண்டு பாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல், மேற்பாதம் சற்றே பின்வாங்கியிருக்கும். இது உறக்கமன்று, பரிநிர்வாணம் (புத்தரின் இறுதி மறைவு) என்பதற்கு அதையே அடையாளமாகக் கொள்வார்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்து நிற்கும் உருவம் புத்தரா, அவருடைய சீடர் ஆனந்தரா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதன் முகத்தை நேரில் பார்த்துவிட்டு உங்கள் பிள்ளைகளையும் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விட்டுவிட வேண்டியவை என்று கேட்டீர்கள். வடக்குக் கோடியிலுள்ள திவங்க சிலைமனையும் தாமரைக் குளமும், தெற்கே தனியே இருக்கும் பொத்குல் விகாரையும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். திவங்கவின் சுவரோவியங்கள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் களைத்த கண்களால் பார்க்கும்போது அவற்றின் அருமை தெரியாது. மாலை 4 மணிக்கெல்லாம் கதுருவெலக்குத் திரும்பிவிடுங்கள். மன்னம்பிட்டி, வெலிக்கந்தைப் பகுதிகளில் இருட்டும் வேளையில் யானைகள் வீதிக்கு வருவது வழக்கம் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது.

கேள்வி: கனடாவிலிருந்து ஊருக்கு வரும்போது பொலன்னறுவைக்குப் போக இருக்கிறேன். சோழர் தலைநகராக அது இருந்ததென்று படித்திருக்கிறேன். அக்காலத்தவை ஏதேனும் இன்னும் எஞ்சியுள்ளனவா? தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்க முடியுமா?
(வாசகர், ரொறன்ரோ)

பதில்: இருக்கின்றன; ஆனால் வழிகாட்டிகள் பலர் அவற்றைப் போகிற போக்கில் காட்டிவிட்டுக் கடந்துவிடுவதால், நீங்களாகக் கேட்டுத்தான் நிற்க வேண்டியிருக்கும். 993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படைகள் அநுராதபுரத்தை வீழ்த்தின. 1017இல் இராசேந்திரன் காலத்தில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டதோடு தீவின் பெரும்பகுதி சோழர் வசமாயிற்று. தீவின் தெற்கிலுள்ள உரோகணத்திலிருந்து எழும் எதிர்ப்பைத் தடுக்க மகாவலி கங்கையின் துறைகளைக் காவல் காப்பது இன்றியமையாததாக இருந்ததால், அநுராதபுரத்தைக் கைவிட்டுப் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, அதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றிய பின்னரும் தலைநகர் அங்கேயே நிலைத்தது. 1215இல் கலிங்க மாகன் படையெடுத்து வந்தபின் நகரம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

சோழர் காலத்துக்கு நேர்ச்சாட்சியாக நிற்பது இரண்டாம் சிவாலயம் என்று தொல்லியல் திணைக்களம் எண்ணிட்டிருக்கும் சிறு கற்றளி. முழுவதும் கல்லாலானதால் கருவறை முதல் சிகரம் வரை குலையாமல் நிற்கிறது. இதன் சுவர்களிலுள்ள தமிழ்க் கல்வெட்டு இதை வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று குறிப்பிடுகிறது. வானவன்மாதேவி இராசராசனின் தேவி, இராசேந்திரனின் தாய். தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்த்த கண்களுக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆயினும் பக்கவாட்டில் நின்று அதிட்டானம் (அடித்தளம்), சுவர்க்கோட்டம் (சுவர்மாடம்), கழுத்து, சிகரம் என்று கீழிருந்து மேலாகப் பார்வையைச் செலுத்தினால், சோழநாட்டுத் தச்சர்களின் இலக்கணம் ஒன்றும் குறையாமல் கடல் கடந்து வந்திருப்பது தெரியும். இன்றும் அங்கே இலிங்கத்துக்குப் பூவும் விளக்கும் வைக்கிறார்கள். தலதா மளுவவின் தெற்கே உள்ள முதலாம் சிவாலயம் காலத்தால் பிந்தியது. பாண்டியர் பாணியைச் சார்ந்த அதன் கற்கள் இடைவெளி தெரியாதபடி பொருத்தப்பட்டிருக்கும் நுட்பம் பார்க்கத் தக்கது. பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த நடராசர், உமை, நாயன்மார் வெண்கலப் படிமங்களில் முக்கியமானவை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே போகவும் ஒரு அரைநாள் ஒதுக்குங்கள்.

மூன்றாவதாக, தலதா மளுவவிலேயே உள்ள வேளைக்காரர் கல்வெட்டை ஒருபோதும் தவறவிடாதீர்கள். விஜயபாகுவின் மறைவுக்குப் பின், அவன் காலத்தில் எழுப்பப்பட்ட புனிதப் பல்லின் கோவிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைப் பதிவுசெய்யும் சாசனம் அது. பெரும்பாலும் தமிழில் அமைந்தது. அக்கோவிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று பெயரும் சூட்டியிருக்கிறார்கள். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று தங்கள் பிரிவுகளையெல்லாம் சொல்லி, அந்தப் பௌத்தப் பள்ளியைத் தங்கள் உயிருள்ளவரை காப்போம் என்று உறுதிகூறுகிறார்கள். இத்தீவின் பழைய வரலாற்றை இரண்டு இனங்களின் ஓயாத போராகவே கற்றுவந்த நம் தலைமுறை, சிங்கள மன்னனின் தலைநகரில் புத்தரின் சின்னத்துக்குத் தமிழ்ப்படை காவல் நின்ற செய்தியை அந்தக் கல்லிலேயே வாசித்தறிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எழுத்துகள் தேய்ந்திருப்பதால் சாய்வாக வெயில் விழும் காலை வேளையில் பார்ப்பது நல்லது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்கள் அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். வழியில் பல இடங்களில் அதைக் கேட்பார்கள் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: ஒரே நாளில் பொலன்னறுவையையும் சிகிரியாவையும் சேர்த்துப் பார்க்கலாமா? வாகனம் இருக்கிறது.
(மாணவர், திருகோணமலை)

பதில்: வாகனம் இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் போய்வர முடியும், ஆனால் பார்த்ததாக ஆகாது. சிகிரியா 5ஆம் நூற்றாண்டுக் கோட்டை; ஏறி இறங்கவே காலைப்பொழுது முழுதும் போய்விடும். அதன்பின் உச்சி வெயிலில் பொலன்னறுவைக்கு வந்து சேர்ந்தால், கல் விகாரையின் முன் நின்று ஒரு படமெடுத்துக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறெதற்கும் உடலில் தெம்பிராது. ஒரு நாள்தான் கையில் உண்டு என்றால் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். இரவு தங்க முடியுமானால் சிகிரியாவை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உடை, காலணி, படம் எடுப்பது ஆகியவற்றில் கவனிக்க வேண்டியவை எவை? எந்த மாதம் உகந்தது?
(வாசகி, கொழும்பு)

பதில்: இடிந்து கிடந்தாலும் இவை வழிபாட்டுக்குரிய இடங்களே. தோளும் முழங்காலும் மறையும்படி வெளிர்நிறப் பருத்தி உடை அணிந்து செல்லுங்கள். பல கட்டடங்களில் காலணியையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். தளக்கல் சுடும்போது காலுறையோடு நடக்கலாம். தடித்த பழைய காலுறை ஒரு சோடி கைப்பையில் இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பது பெரும் அவமதிப்பாகக் கருதப்படுவதால், சிறுவர்களுக்கு வீட்டிலேயே இதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர் மாதங்களைத் தவிர்த்து, மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் போவதே சிறந்தது. பூரணை நாட்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும்; கல்வெட்டையும் சிற்பத்தையும் நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்நாட்களை ஒதுக்கிவிடலாம். தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் ஏராளம், உணவுப் பொதியைக் கையில் வெளிப்படையாக வைத்துக்கொண்டு நடந்தால் பறித்துவிடும் என்பதால், மூடிய பைக்குள் வைத்து, சாப்பிட உட்காரும்போது மட்டும் வெளியே எடுங்கள்.