கடைசிமட்டும் விசுவாசத்தில நிக்கிறது எப்பிடி? கேட்டவைக்குப் பதில்

நான் போதகர் இல்லை, கிளிநொச்சிப் பக்கம் மெதடிஸ்ட் சபையில கனகாலமா வேதபாடம் எடுக்கிற ஆள், அவ்வளவுதான். வந்த கேள்வியளில தெரிஞ்சதுக்கு மட்டும் பதில் சொல்லுறன்.

வட்டக்கச்சித் தம்பி: ஜெபம் பண்ண உக்காந்தா ஒண்டும் வருகுதில்லை அண்ணை, வெறும் வாய்தான் அசையுது. இது பின்மாற்றமா, விசுவாசத்தில இருந்து பின்னுக்குப் போறதா?

இல்லையடா தம்பி. ஒண்டும் வராட்டிலும் உக்காருறாய் தானே, அதைத்தான் நான் நிலைச்சு நிக்கிறது எண்டு சொல்லுவன். எலியாவைப் பார், பாகால் தீர்க்கதரிசியளை வெண்ட கையோட சூரைச்செடிக்குக் கீழ படுத்து, சாகவேணும் எண்டு கேக்கிறார், தேவதூதன் வந்து பிரசங்கமா வைச்சவன்? அடையும் தண்ணியும் குடுத்து, திரும்பப் படுக்க விட்டு, பிறகு இன்னொருக்கா எழுப்பிச் சாப்பிடச் சொன்னவன். நீயும் முதல்ல நித்திரையைப் பார். சொல்லு வராட்டி 13ஆம் சங்கீதத்தைச் சத்தமா வாசி, ஆறே ஆறு வசனம்தான், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் எண்டு தொடங்கும், அதுவும் ஜெபம்தான்.

முல்லைத்தீவு அம்மா ஒராள்: என்ர மகனை 2009இல சண்டை முடியேக்க ஆமியிட்டக் கையில பிடிச்சுக் குடுத்தனான், இண்டைக்கும் ஒரு பதிலும் இல்லை. சபையில சிலபேர் "ஆண்டவரிட்டப் பாரத்தை வைச்சிட்டு அழுகிறதை விடுங்கோ, உங்களுக்கு விசுவாசம் காணாது" எண்டினம். என்ர விசுவாசம் செத்துப்போச்சோ?

அம்மா, அப்பிடிச் சொன்னவை 88ஆம் சங்கீதத்தை வாசிக்கேல்லைப் போல. தொடங்கினதில இருந்து கடைசி வசனம் மட்டும் ஒரே அழுகைதான், மற்றப் புலம்பல் சங்கீதங்கள் கனக்கவில கடைசியில எண்டாலும் ஒரு ஆறுதல் வரும், இதில அதுவும் இல்லை, ஆனாலும் அதை ஆரும் வேதத்தில இருந்து கிழிச்சு எறியேல்லை. லூக்கா 18இல இயேசு சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ணுறதுக்கு ஆரை உதாரணம் காட்டினவர்? அநியாயக்கார நீதிபதியிட்டத் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்ட ஒரு விதவையை. அவ வீட்டில அமைதியா இருந்த ஆள் இல்லை. 2017 பெப்ரவரி 20இல இருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில தறப்பாள் கொட்டிலுக்க காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின்ர லேமினேட் பண்ணின படத்தை மடியில வைச்சு, அவை எங்க எண்டு கேட்டுக்கொண்டு இருந்த தாய்மாரைப் பாக்கேக்க எனக்கு அந்த அதிகாரம்தான் ஞாபகம் வரும், அதில சைவ அம்மாக்களும் வேதக்கார அம்மாக்களும் பக்கத்தில பக்கத்திலதான் இருந்தவை. நீங்கள் அழுகிறது ஆண்டவரிட்டத்தானே, அவர் கேக்கிறார் எண்டு நம்பாட்டி அவரிட்ட ஏன் அழுவான்? பிள்ளை வருவான் எண்டோ இல்லையெண்டோ நான் சொல்லமாட்டன், சொல்லுற தீர்க்கதரிசிமாருக்குக் காசு குடுத்திடாதேங்கோ.

பரந்தன் பெடியன்: ஒருக்கா ரட்சிக்கப்பட்டா எப்பவும் ரட்சிப்புத்தானா? எங்கட சபையில ஓம் எண்டினம், மாமாவின்ர சபையில இல்லை எண்டினம்.

பழைய சண்டை இது. 1618, 19இல ஒல்லாந்தில டோர்ட் எண்ட ஊரில கூடின சபைச்சங்கம், தேவன் தெரிஞ்செடுத்தவையை அவரே கடைசிமட்டும் காப்பார் எண்டு தீர்த்தது. எங்கட மெதடிஸ்ட் சபையைத் தொடக்கின வெஸ்லி அதை ஒத்துக்கொள்ளேல்லை, எபிரெயர் 6ஐக் காட்டி விழவும் ஏலும் எண்டவர். நான் வெஸ்லி பக்கம், ஆனா தொடங்கினவர் முடிய நடத்துவார் எண்டு சொல்லுற பிலிப்பியர் 1:6ஐ வாசிச்சிட்டுத்தான் படுக்கிறனான்.

இதில ஒரு கூத்து இருக்கு. அந்த டோர்ட் உபதேசத்தை நம்பின ஒல்லாந்தர்தான் 1658இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு, கத்தோலிக்கரின்ர குருமாரைத் துரத்தினவை, 1670இல மன்னார்ப் பக்கத்து மாந்தைச் சனம் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்கு ஓடினது. 1687இல கோவாவில இருந்து யோசேவ் வாஸ் எண்ட கத்தோலிக்கக் குருவானவர் கூலியாள் வேசத்தில வந்து சேருமட்டும் கிட்டத்தட்ட 30 வருசம் பூசை வைக்க ஆளில்லாமல் குடும்பம் குடும்பமா ஜெபத்தைக் காப்பாத்தி வைச்சிருந்தவை. உபதேசத்தை எழுதினவை ஒரு பக்கம், காட்டுக்க நிண்டு காட்டினவை மற்றப் பக்கம். கத்தோலிக்கரோட எனக்குக் கன விசயத்தில ஒத்துவராது, எண்டாலும் இதைச் சொல்லாமல் விட ஏலாது.

பேர் போடாத ஒராள்: ரெண்டுதரம் சபைக்கு முன்னால சாட்சி சொல்லிக் கசிப்புக் குடியை விட்டன், திரும்ப விழுந்திட்டன். இப்ப அந்த வாசலுக்குப் போக முகமில்லை.

பேதுரு விழமுதலே இயேசு அவனுக்காக வேண்டினவர், விழாமல் இருக்கவேணும் எண்டு இல்லை, விசுவாசம் ஒழிஞ்சுபோகாமல் இருக்கவேணும் எண்டு. லூக்கா 22:32. திரும்பி வந்தபிறகு சகோதரரைத் திடப்படுத்து எண்டு வேலையும் சேர்த்துக் குடுத்தவர். அதால மூண்டாந்தரமும் போங்கோ, மைக்கைப் பிடிச்சுச் சாட்சி மட்டும் வேண்டாம், நம்பிக்கையான ஒராளிட்டச் சொன்னாக் காணும். இன்னொண்டு, கனநாள் குடிச்சவர் சடாரெண்டு நிப்பாட்டினா கை நடுங்கும், சிலருக்கு வலிப்பும் வரும், அதால முதல்ல டொக்டரைப் பாருங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போறது அவிசுவாசம் இல்லை.

ஒட்டுசுட்டான் அக்கா: பாஸ்டர் ஜெபிச்சும் சுகம் வரேல்லை, என்ர விசுவாசக் குறைவாம்.

2 தீமோத்தேயு கடைசி அதிகாரம், 20ஆம் வசனம்: பவுல் தன்ர ஊழியக் கூட்டாளி துரோப்பீமுவை வருத்தத்தோடயே மிலேத்துவில விட்டிட்டு வந்தவர். பவுலுக்கும் விசுவாசக் குறைவோ எண்டு அந்தப் பாஸ்டரைக் கேளுங்கோ. மருந்தை நிப்பாட்டாதேங்கோ.

கார்மென்ட்ஸில வேலை செய்யிற தங்கச்சி: ஞாயிறும் ஷிப்ட் வருகுது, ஆராதனைக்குப் போகேலாமல் மெல்ல மெல்ல விட்டுப்போகுது.

ஞாயிற்றுக்கிழமையிலதான் ஆண்டவர் இருக்கிறார் எண்டில்லை, ஆனா தனிய இருந்து போன்ல பிரசங்கம் கேட்டுக்கொண்டே கனகாலம் தாக்குப்பிடிச்சவையை நான் காணேல்லை. சபை கூடுறதை விடாதேங்கோ எண்டு எபிரெயர் 10 சொல்லுறது, உபத்திரவப்பட்டுக் களைச்சுப்போன சனத்துக்குத்தான். உங்கட லைன்ல வேலை செய்யிற ரெண்டு மூண்டு பிள்ளையளைச் சேர்த்து, ஷிப்ட் முடிஞ்சு பஸ் வருமட்டும் ஒரு சங்கீதம் வாசிக்கலாம். ஊரை மட்டும் எழுதுங்கோ, அந்தப் பக்கம் கிழமை நாளில வீட்டுக்கூட்டம் ஆர் வைக்கினம் எண்டு விசாரிச்சுச் சொல்லுறன்.