சொந்தப் பெயரா, தொழில் பெயரா?

கேள்வி: பதிப்பகம் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்த நான், இப்போது வேலையை விட்டுவிட்டுத் தனியாக எழுதிப் பிழைக்கிறேன். நிறுவனங்களின் இணையதளங்களுக்கும் ஆண்டறிக்கைகளுக்கும் எழுதித் தருகிறேன். விளம்பர வாசகங்களும் உண்டு. பில் அனுப்பும்போது தொழிலுக்கென ஒரு பெயர் இருந்தால் மதிப்பாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சொந்தப் பெயரே போதுமா? புதுப்பெயர் ஒன்றைப் பதிவு செய்தால் அது எனக்கே உரியதாகிவிடுமா?

பதில்: பிற்காலத்தில் ஆள் சேர்த்து நடத்தவோ, தொழிலை வேறொருவருக்கு விற்கவோ எண்ணம் இல்லையென்றால், சொந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. எழுத்துப் பணியில் வாடிக்கையாளர் தேடி வருவது ஆளை நம்பித்தான். பதிப்பகத்தில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் உங்களை இன்னொருவருக்குப் பரிந்துரைக்கும்போது சொல்லப்போவதும் உங்கள் பெயரைத்தான். அதோடு என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைக் காட்டும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும். ஒருவராக இருந்துகொண்டு 'குழுமம்' என்றும் 'இன்டர்நேஷனல்' என்றும் போட்டுக்கொள்வது முதல் தொலைபேசி அழைப்பிலேயே வெளுத்துவிடும். 'லிமிடெட்' போன்ற சொற்களோ, நிறுவனமாகப் பதிவு பெறாதவர்கள் பயன்படுத்துவதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது.

புதுப்பெயர்தான் வேண்டும் என்றால், பதிவு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் இருப்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தொழில் பெயரை அரசு அலுவலகத்தில் பதிவு செய்வது, அந்தப் பெயரில் தொழில் நடத்துபவர் யார் என்பதைக் காட்டும் பதிவேடு மட்டுமே. அதனால் வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமை பொதுவாகக் கிடைப்பதில்லை. இணைய முகவரி வாங்குவதும் அப்படித்தான். கட்டணம் செலுத்தி வரும் வரைக்கும் முகவரி உங்களிடம் இருக்கும், பெயரின் மீதான உரிமை அதனோடு சேர்ந்து வராது. பிறரைத் தடுக்கும் உரிமையை உறுதியாகத் தருவது வணிகச்சின்னப் பதிவு. அதற்கும் எல்லை உண்டு: பன்னாட்டு நீஸ் வகைப்பாடு பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது, பதிவு நீங்கள் குறிப்பிடும் வகுப்புகளுக்கும், பதிவு செய்த நாட்டுக்கும் மட்டுமே பொருந்தும். விளம்பர வாசகம் எழுதுவது 35ஆம் வகுப்பில் வருகிறது, மற்ற எழுத்துப் பணி 41ஆம் வகுப்பில் வருகிறது என்பதால், இரண்டையும் செய்யும் உங்களுக்கு ஒரு வகுப்பு போதாது.

'நல்ல எழுத்துச் சேவை' போன்ற பெயர்கள் வேலையை விளக்குகின்றன. ஆனால் அதே வேலையைச் செய்யும் எவரும் பயன்படுத்தக்கூடிய சொற்களுக்குத் தனியுரிமை தர வணிகச்சின்ன அலுவலகங்கள் பெரும்பாலும் மறுத்துவிடும். தேடுபொறியிலும் அத்தகைய பெயர் ஆயிரம் பக்கங்களுக்கு அடியில் கிடக்கும். வேலையோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு சொல் இந்த இரண்டு வகையிலும் மேல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லி, கேட்டபடியே எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் போடும்போது ழகரமும் நெடிலும் ஆளுக்கொரு விதமாக எழுதப்படுவதால், மின்னஞ்சல் வேறெங்கோ போய்ச் சேர வாய்ப்புண்டு. பிறகு வணிகச்சின்னப் பதிவேட்டிலும் தேடுபொறியிலும், அதே ஓசையுள்ள பெயர்கள் உட்படத் தேடிப் பாருங்கள். உங்கள் துறையிலேயே ஒருவர் வைத்திருந்தால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது வங்கிக் கணக்கு. பில்லில் ஒரு பெயரும் கணக்கில் இன்னொரு பெயரும் இருந்தால், பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு பணத்தை நிறுத்திவைத்து விளக்கம் கேட்கும். ஆகவே வங்கியில் பேசி முடித்த பிறகே பெயர் அட்டையை அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: புனைபெயரில் கதைகள் எழுதி வருகிறேன். விளம்பர வாசகம் எழுதும் தொழிலையும் அதே பெயரில் நடத்தலாமா?

பதில்: நடத்தலாம், ஆனால் கதை வாசகரும் விளம்பர வாடிக்கையாளரும் ஒரே தேடலில் உங்கள் இரண்டு முகங்களையும் பார்ப்பார்கள் என்பதற்குச் சம்மதமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டையும் பிரித்து வைப்பதே உசிதமாகப் படுகிறது. ஒப்பந்தத்தில் மட்டும் புனைபெயரோடு நிற்காமல், இயற்பெயரை எழுதி, 'இன்ன பெயரில் தொழில் நடத்துபவர்' என்று சேர்த்துக் கையொப்பமிடுங்கள். பணம் வராமல் வழக்கு என்று வந்தால், ஒப்பந்தம் செய்தவர் நீங்கள்தான் என்பதை மெய்ப்பிக்க வேறு ஆவணம் தேட வேண்டியிராது.